நடுவிலிருந்து இரண்டாவது பல்

சென்னை
3 ஜூன் 2024

பாஷா பாய் அவர்களுக்கு,

போன புதன்கிழமை திருத்தணி முகாமில் தையல் பிரித்தபோது நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

மேல்வரிசையில் நடுவிலிருந்து இரண்டாவது பல், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டும் உங்களுக்கு ஆடுகின்றன. பல்லின் வேர்மேல் மெல்லிய, கடினமான படலம் ஒன்று உண்டு. எலும்போடு பல்லைக் கட்டிவைக்கும் நார்கள் அதில்தான் பிடித்து நிற்கும். ஈறு நோயில் உங்களுக்கு அந்தப் படலம் போய்விட்டது. அதனால் ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, ஆய்வுக்காக இரண்டு பல்லிலும் வெவ்வேறு பசை தடவித் தைத்திருக்கிறோம். ஒரு பசையில் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் இருக்கிறது. பக்கத்திலுள்ள செல்களை வேர்மேல் வரவழைத்துப் புதுப் படலம் போடவைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மற்றது வெறும் பசை. எது எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் குறிப்பு வேறொருவரின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

ஆறு மாதம் ட்ரம்பெட் ஊதக்கூடாது. ஊதும்போது மவுத்பீஸ் உதட்டை அழுத்தும், உதடு பல்லை அழுத்தும். ஆடும் பல்லில் புதுப் படலம் பிடிக்காது.

இத்துடன் உள்ள படிவத்தை மாதம் ஒருமுறை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். போனில் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஆய்வைக் கண்காணிக்கும் குழு தாள் கேட்கிறது.

ச. புவனா
பல் மருத்துவர், ஆய்வுப் பிரிவு


திருத்தணி
11 ஜூன் 2024

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு பாஷா எழுதுவது.

படிவத்தில் ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன். பல் தேய்த்தேன், புகையிலை தொடவில்லை, ஊதவில்லை. இடம் மிச்சம் இருந்ததால் பின்பக்கமும் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊதாமல் இருப்பதில் அதிக சந்தோஷம் என் மனைவி ரம்ஜான் பீக்குத்தான். "இருபத்தேழு வருஷம் கழிச்சு இப்பதான் ஊட்ல குக்கர் விசில் சத்தம் கேக்குது" என்கிறாள். எங்கள் பேண்டு செட்டில் ஆறு பேர். என் இடத்தில் இப்போது அக்கா மகன் ஜாஹித் ஊதுகிறான். கல்யாணமாகி இரண்டு குழந்தைக்குத் தகப்பன், ஆனாலும் மேல் சுரம் வந்தால் திணறுகிறான். பக்கத்தில் நடந்துபோகிற எனக்குக் கை பரபரக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இந்த இரண்டு பல் போனால் நான் ஊத முடியாது. அது எனக்கே தெரியும். எனக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. அதனால் மறைக்காமல் சொல்லுங்கள். இடப்பக்கம் ஈறு லேசாக வீங்கி, சூடாக இருக்கிறது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டுமா?

பாஷா
பாஷா பேண்டு செட்


சென்னை
20 ஜூன் 2024

பாஷா பாய் அவர்களுக்கு,

இடப்பக்க வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். சீழோ காய்ச்சலோ இல்லையென்றால் அங்கே உடம்பு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஒரு வாரத்தில் வடியாவிட்டால் முகாமுக்கு வாருங்கள்.

ஜாஹித்தின் மேல் சுரத்தைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. உங்கள் கை பரபரக்கலாம், வாய் பரபரக்கக்கூடாது.

ச. புவனா


திருத்தணி
10 ஜூலை 2024

டாக்டரம்மாவுக்கு,

வீக்கம் நான்கே நாளில் வடிந்துவிட்டது. படிவம் உள்ளே இருக்கிறது.

நீங்கள் சொல்லமாட்டீர்கள், ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து இடப்பக்கம்தான். அங்கேதான் உடம்பு வேலை செய்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வலப்பக்கம் சும்மா கிடக்கிறது, வெறும் பசைக்கு என்ன தெரியும்? அதனால் இப்போது சாப்பிடுவது, முறுக்குக் கடிப்பது எல்லாம் வலப்பக்கம்தான். இடப்பக்கத்தைச் சம்பந்தி வீட்டார் மாதிரி நடத்துகிறேன்.

ஆடிக் கிருத்திகை இருபத்தொன்பதாம் தேதி வருகிறது. நகரிப் பக்கத்திலிருந்து நாகேந்திரன் என்பவர் காவடிக் கூட்டத்தோடு வருவார். பதினேழு வருடமாக அவருக்கு எங்கள் செட்டுதான். கே.ஜி.கண்டிகையில் அவர்களோடு சேர்ந்துகொண்டு சரவணப் பொய்கை வரை வாசித்துக்கொண்டு போவோம். போன வாரம் போன் செய்தார். "பாஷா நைனா, நீ ஊதலன்னா எங்க ஆளுங்களுக்குக் காலே எழும்பாது" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பல்லுக்கா இவ்ளோ?" என்று சிரித்தார். அவருக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது.

ஒரே ஒரு பாட்டு மட்டும் ஊதினால் என்ன ஆகும்? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

பாஷா


சென்னை
18 ஜூலை 2024

பாஷா பாய் அவர்களுக்கு,

எந்தப் பக்கம் மருந்து என்று ஊகிக்காதீர்கள். எனக்கே தெரியாததை என் கடிதத்திலிருந்து நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? இரண்டு பல்லையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். இரண்டும் ஒரே வாயில், ஒரே ஆளிடம், ஒரே பழக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று சொல்ல முடியும்.

ஒரு பாட்டும் கூடாது. நானும் உங்கள் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்காரிதான். காவடிக்கு முன்னால் ஒரு பாட்டு என்றால் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

ச. புவனா


திருத்தணி
8 ஆகஸ்ட் 2024

டாக்டரம்மாவுக்கு,

படிவம் இத்துடன். ஊதினீர்களா என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருக்கிறேன்.

கிருத்திகை நல்லபடியாக நடந்தது. நல்ல கூட்டம். மழை இல்லை.

பாஷா


சென்னை
16 செப்டம்பர் 2024

பாஷா பாய் அவர்களுக்கு,

போன வாரம் முகாமில் உங்களைப் பார்த்ததைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் வழக்கம்போலப் பேசவில்லை.

இடப்பக்கப் பல் நன்றாக இறுகியிருக்கிறது. வலப்பக்கப் பல் ஜூனில் இருந்ததைவிட அதிகமாக ஆடுகிறது. வெறும் பசை தடவிய பல்கூட இவ்வளவு மோசமாகாது. இதுவரை பார்த்த மற்ற பத்தொன்பது பேரில் யாருக்கும் இப்படி ஆகவில்லை. அதனால் கேட்கிறேன். அடிபட்டதா? அந்தப் பக்கம் மட்டும் கடினமாக எதையாவது கடித்தீர்களா? ஊதினீர்களா?

ச. புவனா


திருத்தணி
25 செப்டம்பர் 2024

டாக்டரம்மாவுக்கு,

ஊதவில்லை என்று மாதாமாதம் படிவத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்? திருடனை ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி கேட்கிறீர்கள். உங்களுக்கு இருபது வாய், அதில் என்னுடையது ஒன்று. எனக்கு இந்த ஒரு வாய்தான். இதை நான் பார்த்துக்கொள்ளமாட்டேனா?

வலப்பக்கம் வெறும் பசைதானே. போனால் போகட்டும், ஆய்வு முடிந்தபின் அதற்கும் மருந்து வைப்பதாக முதல் நாளே சொன்னீர்கள். அது எனக்கு நினைவிருக்கிறது.

முறுக்கு கடித்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பாஷா


சென்னை
20 பிப்ரவரி 2025

பாஷா பாய் அவர்களுக்கு,

ஒன்பதாவது மாத எக்ஸ்ரே வந்துவிட்டது. இடப்பக்கம் வேரை ஒட்டி எலும்பு ஏறியிருக்கிறது. வலப்பக்கம் இன்னும் இறங்கியிருக்கிறது. ஒரே வாயில் இவ்வளவு வித்தியாசம் வேறு யாரிடமும் இல்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி குறிப்பைத் திறப்பார்கள். விதிகளை மீறாமல் ஆய்வை முடித்தவர்களுக்கு, வெறும் பசை வைத்த பல்லில் மருந்து வைப்போம். உங்களுக்கும் ஏப்ரலில் நாள் குறித்திருக்கிறேன். வலப்பக்கப் பல்லைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி. அதன்பின் ஆறு மாதம் பொறுத்தால் மறுபடி ஊதலாம்.

இதை எழுதக்கூடாது, எழுதுகிறேன். மருந்து இடப்பக்கம் இருந்தால், இருபது பேரில் சிறந்த பலன் உங்களுடையதுதான். கட்டுரையில் படம் போட உங்கள் எக்ஸ்ரேயை எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு வருட வேலை இது. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ச. புவனா


திருத்தணி
5 மார்ச் 2025

டாக்டரம்மாவுக்கு,

இன்று நான்காம் நோன்பு. எச்சில் விழுங்குவதற்கே யோசிக்கிற நாளில் வாயில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

கிருத்திகையன்று ஊதினேன். கே.ஜி.கண்டிகையில் ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஜாஹித்துக்கு உதடு வெடித்து ரத்தம். காவடி தூக்கினவர்கள் வெயிலில் நின்றுவிட்டார்கள். நாகேந்திரன் என்னைப் பார்த்தார். "இன்னா பாய், பாத்துகினே நிக்கிற?" என்றார். டிரம் அடிக்கிற வெங்கடேசன், "உடு நைனா, பாவம் பாயி, டாக்டர் வேணான்னுக்கீறாங்க" என்றான். அவன் பாவம் என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி ஊதினேன்.

இடப்பக்கம் படக்கூடாது என்று மவுத்பீஸை வலது ஓரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டேன். முழு அழுத்தமும் வலப்பக்கப் பல்மேல். பொய்கை வரை நாலு மணி நேரம். ஜனங்கள் ஆடினார்கள். நான் அப்படி ஊதி வருடக்கணக்கு ஆகிறது, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். அப்புறம் ஆவணியில் இரண்டு கல்யாண ஊர்வலம். ஒரு தடவை பொய் எழுதியபின் அடுத்த தடவை சுலபமாக வந்துவிட்டது.

ஆகவே என் எக்ஸ்ரேயைப் படமாகப் போடாதீர்கள். இடப்பக்கம் ஜெயிக்கவில்லை, வலப்பக்கத்தை நான் அடித்துத் தோற்கடித்தேன். இதைப் பார்த்து மருந்து இவ்வளவு நல்லது என்று நீங்கள் எழுதினால், அதை நம்பி ஒருவன் வாயைக் கொடுப்பான்.

விதியை மீறினவனுக்கு ஏப்ரலில் மருந்து கிடையாது என்று புரிகிறது. ரம்ஜான் பீயிடம் சொன்னேன். "சொல்லாம இருந்தா பல்லு தங்கியிருக்கும்ங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே தபால்தலை எடுத்து வந்து கொடுத்தாள்.

பாஷா


சென்னை
24 மார்ச் 2025

பாஷா பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுத்தேன். குறிப்பைத் திறப்பதற்கு முன்பே உங்கள் பெயரை நீக்கினார்கள். ஏப்ரல் சிகிச்சையும் ரத்து. விதிவிலக்கு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அவர்கள் மறுத்தது சரிதான்.

இருபதாம் தேதி குறிப்பைத் திறந்தோம். உங்களுக்கு இடப்பக்கம் வைத்தது வெறும் பசை. மருந்து வலப்பக்கம் இருந்தது.

இடப்பக்கப் பல்லை நன்றாகச் சுத்தம் செய்தோம். நீங்கள் அதன்மேல் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டீர்கள். இறுகியதற்கு அவ்வளவுதான் காரணம். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், உங்கள் வாயில் மருந்து தோற்றது, வெறும் பசை ஜெயித்தது என்று பட்டியலில் ஏறியிருக்கும். உங்களை நீக்கியபின் பத்தொன்பது பேரில் மருந்து வைத்த பக்கம் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை. உறுதியாகச் சொல்ல அது போதாது.

என் பங்கையும் எழுத வேண்டும். ஜூனில் இடப்பக்க வீக்கத்தைப் பற்றி, அங்கே உடம்பு வேலை செய்கிறது என்று எழுதினேன். அது சாதாரணத் தையல் வீக்கம். அப்படியே எழுதியிருக்கலாம். மருந்து பலிக்க வேண்டும் என்ற ஆசையில் வார்த்தையைக் கூட்டிப் போட்டேன். நீங்கள் அதை நம்பி மருந்து வைத்த பல்லை அடிக்குக் கொடுத்தீர்கள். குழுவிடம் இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வலப்பக்கப் பல் அநேகமாகத் தங்காது. விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி அதில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் நிழல்தான் தெரியும். வேர்மேல் புதுப் படலம் வந்ததா என்பதைப் பல்லைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். உயிரோடிருப்பவர் வாயில் உள்ள பல்லை அப்படிப் பார்க்க முடியாது. கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ச. புவனா


திருத்தணி
14 ஏப்ரல் 2025

டாக்டரம்மாவுக்கு,

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் காலையில் இட்லி சாப்பிடும்போது பல் விழுந்தது. இட்லி! முறுக்கு கடித்தபோதெல்லாம் நின்ற பல்.

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்த அன்று என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள்மேல் கோபம் வந்தது. ஒருநாள் முழுக்க இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினீர்கள், நான் நாலு மணி நேரம் கூடுதலாக ஊதினேன். உங்கள் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்கிறேன், என்னுடையதையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பிலிருந்து பிரிந்த நகம், முடி, பல் எதுவானாலும் எங்களில் மண்ணில் புதைப்பது வழக்கம். ரம்ஜான் பீ குழி தோண்டக் கரண்டியோடு நின்றாள். "ஆய்வுக்குக் கேக்குறாங்க" என்றேன். "ஆங், பாத்துட்டுத் திருப்பித் தரட்டும்" என்றாள். ஜாஹித்திடம் கொடுத்து ரயிலில் அனுப்புகிறேன். பழைய அத்தர் பாட்டிலைக் கழுவி ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டிருக்கிறேன். வாசனை இருந்தால் தப்பாக நினைக்காதீர்கள்.

சீவிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். எனக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பாஷா


சென்னை
2 ஜூன் 2025

பாஷா பாய் அவர்களுக்கு,

பல்லைச் சீவுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தை நீக்கி மென்மையாக்க வேண்டும். அதனால்தான் ஏழு வாரம் ஆகிவிட்டது. ஆறு சீவல்கள் கண்ணாடித் தகடுகளில் இங்கே இருக்கின்றன. மிச்சத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அறுவை சிகிச்சையின்போது வேரில் எதுவரை சுத்தம் செய்தோம் என்பதற்கு ஒரு சிறு கோடு கீறியிருந்தோம். அந்தக் கோட்டுக்கு மேலே பழைய படலம் அப்படியே இருக்கிறது. கீழே, ஒன்றும் இல்லாமல் நாங்கள் வழித்து எடுத்த இடத்தில், புதுப் படலம் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் உயரம். அதில் நார்களின் முனைகள் பதிந்திருக்கின்றன. மறுமுனை எதையும் பிடித்திருக்கவில்லை. எல்லாம் அறுந்திருக்கின்றன.

எந்த நாளில் அறுந்தன என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. படலம் முழு உயரத்துக்கும் வந்திருக்குமா என்றும் தெரியாது. ஆனால் வர ஆரம்பித்திருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பார்த்த மற்ற இருவருக்கும் இல்லை.

ஆய்விலிருந்து நீக்கப்பட்டவரின் பல் என்று தெளிவாகக் குறித்து, இதைத் தனிக் கட்டுரையாக எழுதப்போகிறேன், நீங்கள் சம்மதித்தால். இதைக் காட்டி அடுத்த ஆய்வுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அறுபது பேர்.

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க வழி தேடினேன். நீங்கள் கேட்டீர்கள், அதனால் எழுதினேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

புவனா


திருத்தணி
11 ஜூன் 2025

டாக்டரம்மாவுக்கு,

பொட்டலம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். ஆறு சீவல் குறைகிறது என்று ரம்ஜான் பீ கணக்குக் கேட்டாள். அது பலருக்கு உதவும் என்றேன், சரி என்றாள்.

கட்டுரை எழுதச் சம்மதம். கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கடைத்தெருவில் நின்றே படித்தேன். முதலில் சந்தோஷம் வந்தது, மருந்து வேலை செய்திருக்கிறதே என்று. நாலு எட்டு வைத்தபிறகுதான் அது என் வாயில் வேலை செய்தது என்று உறைத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். கடைக்காரர் கிருஷ்ணன் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார்.

பல் கட்டிக்கொண்டு ஊதலாம் என்று சிலர் சொன்னார்கள். கட்டி, ஊதிப் பார்த்தேன். கீழ் சுரம் வருகிறது. மேலே போனால் காற்று பக்கத்தில் ஓடிவிடுகிறது, எச்சில்தான் தெறிக்கிறது. ட்ரம்பெட்டை ஜாஹித்திடம் கொடுத்துவிட்டேன். இந்த ஆடிக்கு நாகேந்திரனிடம் நானே பேசிவிட்டேன். நான் வரவில்லை, வீட்டிலும் இருக்கப்போவதில்லை, சத்தம் கேட்காத ஊராகப் பார்த்துப் போய்விடுவேன்.

அறுபது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஊதுகிறவன் ஒருவனாவது வருவான். நாதஸ்வரமோ கிளாரினெட்டோ, ஏதோ ஒன்று. ஆறு மாதம் தொடாதே என்று நீங்கள் சொல்வீர்கள், அவன் தலையாட்டுவான். நானும் நன்றாகத்தான் ஆட்டினேன். டாக்டர் சொல்லிக் கேட்கிற ஆட்கள் இல்லை நாங்கள். அவனிடம் என் நம்பரைக் கொடுங்கள், சம்மதத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எப்போது அடித்தாலும் எடுப்பேன். இப்போது என் வாய் சும்மாதான் இருக்கிறது.

பாஷா